ஓலையும் எழுத்தும்: பழைய கொழும்பில் ஒரு விசுவாசிப் பெண்ணின் கல்யாணக் கணக்கு

கொழும்பின் தமிழ்த் தேவாலயங்களில் இதை இன்றும் கேட்கலாம். ஞாயிறு ஆராதனை நடுவில் போதகர் ஒரு பெண்ணின் பெயரையும் ஒரு ஆணின் பெயரையும் வாசிப்பார். இன்னார் மகள் இன்னாரும் இன்னார் மகன் இன்னாரும் விவாகம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும். பழைய ஆட்கள் இதை ஓலை வாசிப்பது என்பார்கள். இப்போது அந்த நேரத்தில் பாதிப் பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன் காது முழுக்க அங்கேதான் இருந்திருக்கும். வீட்டுக்குள் பேசி முடித்த விஷயம் அன்றைக்குத்தான் ஊர் முன்னால் வரும், யாரும் எழுந்து ஒரு சொல் சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தை வைத்து எழுதப்படும் காதல் கதைகள் நிறைய இருக்கின்றன. கதாநாயகி பக்தியுள்ளவள், படித்தவள், சொந்தக் காலில் நிற்க ஆசைப்படுகிறவள். அப்பா கோபக்காரர். கடைசியில் அவள் வீட்டை விட்டுக் கிளம்புவாள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிளம்பி எங்கே போவாள்? இரவு எங்கே படுப்பாள்? யார் வேலை கொடுப்பார்கள்? விரும்பினவனைக் கட்டுவதென்றால் யாருடைய கையெழுத்து வேண்டும், கட்டின பிறகு அவளுடைய காணி யார் கையில் இருக்கும்? கதைகள் இதையெல்லாம் தாண்டி ஓடிவிடும். உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பார்த்தால் அப்பா அப்படியொன்றும் பெரிய வில்லனாகத் தெரியவில்லை. அவளுக்கு எழுத்தறிவித்து, வேலை கொடுத்து, தங்க இடமும் கொடுத்த அதே சபைதான், காதல் என்று வந்தபோது பல தடவை குறுக்கே நின்றது. அந்தச் சிக்கலைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

சபைக்குக் கல்யாணத்தில் இவ்வளவு பிடி வந்தது ஆங்கிலேயருக்கும் முன்னால். 1656ல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் ஞானஸ்நானம், விவாகம் இரண்டையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். பாடசாலைதான் சபைக்கும் கணக்குப்பிள்ளை, வாத்தியார்தான் பதிவுக்காரர். கல்யாணம் கட்ட வருகிறவர்களுக்கு ஜெபங்களும் விசுவாசப் பிரமாணமும் தெரியுமா என்று பார்க்கும் வழக்கமும் இருந்தது. பதிவில் பெயர் இல்லையென்றால் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, கேட்பதிலும் உத்தியோகம் கேட்பதிலும் சிக்கல். அதனால் மனதில் விசுவாசம் இருந்ததோ இல்லையோ, தோம்பில், அதாவது அந்தப் பதிவேட்டில், பெயர் இருந்தது. 1757ல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் கொழும்பில் ஒரு மேட்டில் நிற்கிறது. அதே காலத்தில், 1759ல், பிலிப்பு தெ மெல்லோ என்ற கொழும்புத் தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இங்கேயே அச்சானது. அவர் ஒல்லாந்த சபையில் குருப்பட்டம் பெற்றவர். ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயம் பிறகு, ஆங்கிலேயத் தேசாதிபதி பிரவுன்ரிக் காலத்தில், தமிழ்ச் சபைக்காக எழுந்தது. ஆக, கொழும்பில் தமிழ்க் கிறிஸ்தவம் என்பது மிஷனரிகள் நேற்றுக் கொண்டுவந்து இறக்கிய சரக்கு இல்லை. பெண்ணின் கல்யாணம் சபையின் காரியம் என்பதும் அப்படியே பழையது.

இனி வேலை. 1866ல் கொள்ளுப்பிட்டியில் மெதடிஸ்த மிஷன் பெண்களுக்கு ஒரு ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது. அதுதான் இன்றைய மெதடிஸ்த கல்லூரி. 1869ல் கொட்டாஞ்சேனையில் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை வந்தது. 1900ல் லேடீஸ் கொலிஜ், 1903ல் பம்பலப்பிட்டியில் திருக்குடும்பக் கன்னியர் மடம். வடக்கில் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824லேயே இருந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட ஊரில், படித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பிள்ளைக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. யோசித்துப் பாருங்கள், வெள்ளைக்காரப் பாதிரிமார் சீதனம் கொடுக்கிறார்கள்! ஊர் வழக்கத்தை உடைக்க வந்தவர்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டே காரியம் பார்த்தார்கள். அதோடு, யாரைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தார்கள். படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒரே இடத்தில் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

இந்தப் பாடசாலைகளில் படித்த பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய வேலையும் பெரும்பாலும் இதே பாடசாலைகளில்தான். ஆசிரியை, விடுதிப் பொறுப்பாளர், மிஷன் ஆஸ்பத்திரித் தாதி. அவ்வளவு படிக்காதவர்களுக்கும், குறிப்பாக விதவைகளுக்கும், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் கொடுக்கும் வேலை இருந்தது. அதற்கும் மாதச் சம்பளம். கந்தோர்களில் டைப் அடிக்கும் வேலைக்கு முதலில் போனவர்கள் பறங்கியர் பெண்கள். நமது ஆட்கள் கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும் என்று சொன்னதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு. மகளுக்கு அந்தப் பழமொழி பொருந்தவில்லை. மகளுக்குப் பாடசாலை. ஏனென்றால் பாடசாலைக்குப் பக்கத்தில் கோவில் இருந்தது, கோவிலுக்குப் பக்கத்தில் விடுதி இருந்தது, விடுதிக்கு ஒரு மேட்ரன் இருந்தார். 1882 முதல் கொழும்பில் இருக்கும் கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். தனியாக நிற்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு ஊர் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே தனிமை, சபை வேலிக்குள் இருந்த தனிமை.

1899ல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. 1905ல் வடக்கு ரயில் பாதை முழுவதும் இணைந்தது. இந்த இரண்டையும் பெண் விடுதலைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுவேன். மாட்டு வண்டியிலும் கப்பலிலும் வர வேண்டிய கொழும்பு, யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஒரு ரயில் பயண தூரத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் கொழும்பில் கிளாக்கராக இருந்தால் தங்கச்சி ஆசிரியையாக வரலாம். ஊரில் ஒழுங்கைக்கு ஒரு சித்தி நின்று கவனிப்பாள். கொழும்பில் புறக்கோட்டையிலிருந்து ட்ராமில் போகிறவளை யாருக்கும் தெரியாது.

சரி, சம்பளம் வந்துவிட்டது. இனித்தான் கல்யாணம்.

சட்டத்தை முதலில் பார்ப்போம், அங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களின் கல்யாண எழுத்துக்கு, அதாவது கல்யாணப் பதிவுக்கு, அன்று தகப்பனின் சம்மதம் வேண்டியிருந்தது. தகப்பன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வழி வைத்திருந்தார்கள். 21 தாண்டிவிட்டால் யார் சம்மதமும் வேண்டாம். கோவிலில் ஓலை வாசிக்கவே தேவையில்லை, பதிவாளர் முன்னால் எழுத்து எழுதிக்கொள்ளலாம். ஆகச் சட்டத்தில் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் 21 வயது வரை கல்யாணம் கட்டாமல் இருப்பது எப்படி? அந்த வயதில் ஊரில் பல பெண்களுக்கு இரண்டு பிள்ளைகள். காத்திருக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம்தான் படிப்பும் ஆசிரியை வேலையும். வேலை சம்பளத்தைக் கொடுத்தது என்பதைவிட, வயதைக் கொடுத்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அப்புறம் சொத்து. இங்கே ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் பாடும் இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருத்தி கொழும்புச் செட்டிக் குடும்பம், மற்றவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை. இருவரும் தமிழ் பேசுகிறவர்கள், ஒரே சபை. கட்டுப்படும் சட்டம் மட்டும் வேறு வேறு. செட்டிப் பெண்ணுக்குப் பொதுச் சட்டம். 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், கணவன் மனைவி சொத்தை ஒன்றாகக் கலந்துவிடும் பழைய ஒல்லாந்த முறையை எடுத்துவிட்டது. ஆனாலும் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். 1923ல் வந்த விவாகமான பெண்களின் சொத்துச் சட்டம் அதையும் எடுத்தது. அதன் பிறகு கட்டிய பெண்ணும் கட்டாத பெண்ணும் சொத்து விஷயத்தில் ஒன்று.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தேசவழமை. 1707ல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிவைத்த நம் ஊர் வழக்கங்கள், 1806ல் ஆங்கிலேயராலும் சட்டமாக ஏற்கப்பட்டவை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது) என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கும் அதில் பெண்ணுக்குப் பெருமைப்பட விஷயம் உண்டு. சீதனம் அவள் பெயரில் அவளுக்குத்தான், கணவன் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் அவளும் அதைக் கணவன் எழுத்து மூலம் சம்மதிக்காமல் விற்க முடியாது. 1911ல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுரிமைக் கட்டளைச் சட்டம் இதைத் தொடர்ந்தது. 1923ன் விடுதலை அவளைத் தொடவில்லை. இன்றும் தொடவில்லை. வடக்கில் காணி விற்கும் மனைவியின் உறுதியில் கணவன் கையெழுத்தை நொத்தாரிசு கேட்பது இதனால்தான்.

இப்போது அந்த ஆச்சரியத்துக்கு வருகிறேன். 1911ன் சட்டத்தில் சின்னதாக ஒரு பிரிவு இருக்கிறது. தேசவழமைக்குக் கட்டுப்பட்ட பெண், தேசவழமைக்குக் கட்டுப்படாத ஒருவரைக் கட்டினால், அந்த விவாகம் நீடிக்கும் வரை தேசவழமை அவளுக்குப் பொருந்தாது. எதிர்ப்பக்கமும் உண்டு, வெளிப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்தவரைக் கட்டினால் அவள் தேசவழமைக்குள் வருவாள். அதாவது வெளியில் கட்டாதே, வெளியில் கட்டினால் எல்லாம் போய்விடும் என்று ஊர் பயமுறுத்திய அதே கல்யாணம், 1923க்குப் பிறகு அவளுடைய காணியின் மீது அவளுக்கு முழுக் கையெழுத்தைக் கொடுத்தது! கொழும்புச் செட்டிப் பையனைக் காதலித்த யாழ்ப்பாண ஆசிரியைக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிரக்டர்மாருக்கு, அதாவது வழக்கறிஞர்களுக்கு, தெரிந்திருக்கும். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது என்பதால், கொழும்பிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தவர் இன்னும் வடமாகாண வாசிதானா என்பதே நீதிமன்றம் வரை போன கேள்வி.

சட்டம் இப்படி இருக்க, வீடும் சபையும் பார்த்தது வேறு கணக்கு. வீட்டுக்கு முதலில் சாதி, அப்புறம் சீதனம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கும் டொனேசன், அதற்கும் அப்புறம்தான் சமயம். சாதி ஒன்றாக இருந்து சமயம் வேறாக இருந்தால் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். சைவ வீட்டு மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுப்பார், அல்லது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை திருநீறு பூசும். சமயம் ஒன்றாக இருந்து சாதி வேறானால் அந்த வழி எதுவும் திறக்காது. சபைக்கு இது தலைகீழ். விசுவாசியல்லாதவரைக் கட்டினால் பெயரை எடுத்துவிடுவோம் என்பார்கள். சாதியைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசுவார்கள், கல்யாணத்தில் பேச மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் சொந்த விசுவாசம் என்று ஒன்று இருந்ததே, அதை யாரும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு லேபல்.

அவளோ அதைக் கெட்டித்தனமாகப் பயன்படுத்தினாள். கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் புழங்கும் ஒரு வாக்கியம் உண்டு: ஜெபித்துப் பார்க்க வேணும். ஒரு சம்பந்தம் வந்தால் பெண் வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஜெபித்துப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். ஒரு மாதம் ஜெபித்துவிட்டு, மனதில் சமாதானம் இல்லை என்றும் சொல்லலாம். அப்பா கர்த்தரோடு சண்டை பிடிக்க முடியாது. வேண்டாம் என்ற சொல்லைச் சொல்ல உரிமை இல்லாதவளுக்கு அதற்கு ஒரு கௌரவமான பாஷை கிடைத்தது. தமிழுக்கு இது புதிதில்லை. ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் மனித மாப்பிள்ளை, மனித வாழ்க்கை என்ற ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது பக்தியின் வழியாகத்தான். கத்தோலிக்கப் பெண்ணுக்கு இன்னும் நேரடியான வழி, கன்னியர் மடம். அங்கே கல்யாணம் இல்லை, காதலும் இல்லை. படிப்பும் பொறுப்பும் இருந்தன, ஒரு பாடசாலையையே நடத்தும் அதிகாரம்கூடச் சில பேருக்குக் கிடைத்தது. சுதந்திரம் மட்டும் போதும் என்றால் அது நல்ல பேரம். இரண்டும் வேண்டும் என்றால்தான் கஷ்டம்.

இரண்டும் வேண்டும் என்று கேட்ட ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். அவர் தமிழ்ப் பெண்ணாகப் பிறக்கவில்லை, தமிழ் வீட்டு மருமகளாக வந்தவர். 1873ல் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்த மேரி ஏர்வின், ரொறன்ரோவில் மருத்துவம் படித்தார். 1896ல் அமெரிக்க மிஷனின் மருத்துவ ஊழியத்துக்காக இலங்கைக்குத் தெரிவானவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் டொக்டராக, அதுவும் மிஷனரியாக, கடல் தாண்டி வருவதென்றால் அவருடைய விசுவாசத்தில் யாரும் குறை கண்டிருக்க முடியாது. குறை கண்டது அவர் தேர்ந்த மாப்பிள்ளையில். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற கிறிஸ்தவர் அவர். ஒரே விசுவாசம், படித்தவர், ஊழியம் செய்யப் போகும் ஊர்க்காரர். மிஷன் பிரசங்கம் செய்தபடி பார்த்தால் இதைவிடப் பொருத்தமான கல்யாணம் கிடையாது. ஆனால் அவர் சுதேசி. மிஷன் கதவு மூடிக்கொண்டது.

எனக்கு இதில் பிடித்தது, அவர் அதற்குப் பிறகு செய்த காரியம். ஊருக்குத் திரும்பிப் போகவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் சில காலம் வேலை பார்த்தார், பிறகு சொந்தமாக வைத்தியம் பார்த்தார். பெண் டொக்டருக்கு இங்கே எவ்வளவு தேவை இருந்தது என்று புரிந்துகொள்ள ஒரு விபரம் போதும். 1870ல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892ல்தான் பெண்களைச் சேர்த்தது. ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு வீட்டிலேயே கிடந்த பெண்கள், சைவம், இஸ்லாம், பௌத்தம், கிறிஸ்தவம் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். மிஷன் வேலை போனதால், கல்யாணத்துக்குப் பின் மேரி ரட்ணம் என்று அறியப்பட்ட அவர் எல்லாருக்கும் டொக்டரானார்.

அப்புறம் அவர் தொட்டதெல்லாம் பெரிய பட்டியல். 1909ல் தமிழ் மாதர் சங்கம் தொடங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. பம்பலப்பிட்டியில் இசையும் நடனமும் சொல்லிக்கொடுக்கும் கலாலயம் அந்தச் சங்கத்தினுடையதுதான். 1927ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் இருந்தார். கிராமத்துப் பெண்களுக்கான லங்கா மகிளா சமிதியை 1930 அளவில் தொடங்கினார், கனடாக் கிராமங்களில் பார்த்த மாதர் சங்கங்களை முன்மாதிரியாக வைத்து. 1937ல் பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், அங்கே தெரிவான முதல் பெண். ஒரு சட்டச் சிக்கலில் அந்த இடம் பறிபோனது வேறு கதை. 1958ல் மகசேசே விருது. 1962ல் காலமானார். கணவரைத் தேர்ந்ததற்காக வேலையை இழந்தவர், அந்தக் கணவரின் பெயரோடுதான் ஊருக்குத் தெரிந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு உறுத்தலையும் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தலைமுறையில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிய பெரிய தமிழ் ஆண்கள் ஒருவர் இருவர் இல்லை. சேர் முத்துக்குமாரசுவாமி கட்டிய எலிசபெத் ஆங்கிலேயப் பெண், அவர்களுடைய மகன்தான் 1877ல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் இரண்டாவது மனைவி லீலாவதி அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அவர்களுடைய கௌரவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே குடும்பங்களின் மகள் ஒருத்தி அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்? இராமநாதன் 1913ல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்குக் கல்லூரி கட்டினார், அது பெரிய காரியம். பெண்களுக்கு வாக்குரிமை என்று வந்தபோது எதிர்த்தவரும் அவர்தான். படிக்கலாம், முடிவெடுக்கக் கூடாது.

வாக்குரிமை எப்படியோ வந்தது. இலங்கையின் அரசியலமைப்பை மாற்ற வந்த டொனமூர் குழு பெண்களுக்கு 30 வயது என்றது, 1931ல் 21 வயதுக்கே கிடைத்தது. அடுத்த வருடமே கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து இடைத் தேர்தலில் வென்று அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய கணவரின் பதவி தேர்தல் மனுவில் பறிபோன இடம் அது. சைவ, முஸ்லிம் பெண்களுக்கான பாடசாலைகள் கொழும்பில் பரவலானது இதற்குப் பிறகுதான். முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946ல் வந்தது. அந்த வீடுகளின் பெண்களுக்கு வயதையும் சம்பளத்தையும் கொடுக்கும் வழி ஒரு தலைமுறை பிந்தித்தான் திறந்தது.

இவ்வளவையும் சொந்தக் குடும்பத்தில் பொருத்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய அம்மம்மாவின் கல்யாண எழுத்து எங்காவது பழைய ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர், தகப்பன் தொழில் என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் காலத்து எழுத்துகளில் மணமகளின் தொழில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இழுத்திருப்பார்கள். கோட்டுக்குப் பதில் ஆசிரியை என்று இருந்தால் உடனே வயதைப் பாருங்கள், 21ஐத் தாண்டியிருக்கிறதா என்று. அப்புறம் எழுத்து நடந்த இடம், தேவாலயமா, பதிவாளர் கந்தோரா. கடைசியாகச் சாட்சிக் கையெழுத்துகள். அங்கே தகப்பனின் பெயர் இல்லாமல் பாடசாலையில் கூடப் படிப்பித்த இன்னொரு ஆசிரியையின் பெயர் இருந்தால், வீட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது.